"நாளைக்கு ஃபிளைட்டு அண்ணே"

சிங்கப்பூர், மலேசியா, துபாய், தோகா என்று போய்ப் பிழைத்து, வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோ ஒருமுறை திருமயம் பக்கம் வந்து போகும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் 35 வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது எழுதுவதில்லை. கண்ணும் ஒத்துழைக்கவில்லை, வேலையும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ஆனாலும் உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். லீவு முடிகிற கடைசி நாள் காலையில் அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்து, "நாளைக்கு ஃபிளைட்டு அண்ணே, இன்னைக்கே முடிச்சு விட்டுருங்க" என்று நிற்பீர்களே, அப்போது பார்த்த முகம்.

30 நாள் லீவில் 28 நாள் காதுகுத்து, கல்யாணம், குலதெய்வம், வீட்டுக்கு டைல்ஸ் என்று ஓடிவிடும். கடைசி அரை நாளில் அறுபது வருஷத்துச் சொத்துக்கு வழி செய்யப் பார்ப்பீர்கள். அப்படி அவசரத்தில் எழுதிய பத்திரங்கள் பிற்பாடு என்ன பாடு படுத்தின என்பதைப் பார்த்தவன் என்ற உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன். இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் காப்பீடு, பேங்க், வேலை, ஆஸ்பத்திரி, வாரிசுரிமை எல்லாவற்றிலும் சட்டம் நகர்ந்திருக்கிறது. நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதங்கள் மட்டும் நகரவில்லை.

ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். பையன் முதலில் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தான், அங்கே பி.எஃப். பிடித்தார்கள். பிறகு வெளிநாடு போனான். ஒரு ஆயுள் காப்பீடு, பேங்கில் ஒரு டெபாசிட், மொபைலில் கொஞ்சம் பங்கு. எல்லாவற்றுக்கும் நாமினி ஆத்தாதான். கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, யாரைத்தான் போடுவான்? கல்யாணம் ஆனது, ஒரு பெண் குழந்தை பிறந்தது, காகிதம் அப்படியே கிடந்தது. ஒருநாள் அங்கே மாரடைப்பில் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மாமியார் ஒரு ஆட்டோவிலும் மருமகள் இன்னொரு ஆட்டோவிலும் என் இடத்துக்கு வந்தார்கள். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பணம் யாருக்கு?"

நாமினி என்றால் வாரிசு என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பாதிக்கு மேல் தப்பு. நாமினி என்பவர் பணத்தைக் கை நீட்டி வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொரு பதில் சொல்கிறது என்பதில்தான் சிக்கலே.

பேங்க் டெபாசிட்டில் நாமினி வாங்குபவர் மட்டுமே. வாங்கி வாரிசுகளுக்குப் பங்கு வைக்க வேண்டும். பங்குச் சந்தைக் கணக்கிலும் அப்படித்தான் என்று 2023 டிசம்பர் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டிலும் 1983-இல் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருந்தது. பிறகு காப்பீட்டுச் சட்டத்தையே திருத்தினார்கள். 2014 டிசம்பர் 26 முதல் அமலான அந்தத் திருத்தப்படி அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாகப் போட்டால் பணம் அவருக்கே உரியது. தம்பியையோ மச்சானையோ போட்டால் பழைய கதைதான், வாங்கிக் கொடுப்பவர் மட்டும். இந்தத் திருத்தத்துக்குப் பிறகும் மற்ற வாரிசுகள் உரிமை கோரினால் பங்கு கொடுக்க வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் பார்த்திருக்கிறது. ஆக, சண்டைக்கு இன்னும் இடம் இருக்கிறது.

பி.எஃப். போன்ற சேமநிதிகளில் கல்யாணத்துக்குப் பிறகு நாமினேஷனைப் புதிதாகப் போட்டுவிட வேண்டும். மத்திய அரசு ஊழியர் ஒருவர் கல்யாணத்துக்கு முன் சேமநிதிக்கு அம்மாவைப் போட்டிருந்தார். மற்றக் கணக்குகளில் மனைவி பெயரை மாற்றியவர் இதை மட்டும் விட்டுவிட்டார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், கல்யாணம் ஆனதும் பழைய நாமினேஷன் செத்துப்போனது, தாயும் மனைவியும் சரிபாதி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2025 டிசம்பரில்தான் முடிந்தது.

அந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் தெரியாத இன்னொன்று உண்டு. இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வரிசை வாரிசுகள் மனைவி, பிள்ளைகள், தாய். ஆளுக்கொரு சம பங்கு. தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் மருமகளுக்கும் ஒரே அளவு. தகப்பனுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. இதைச் சொன்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் என்னை முறைப்பார்கள். நான் எழுதிய சட்டம் இல்லை, 1956-இல் வந்தது.

இஸ்லாமியச் சொந்தங்களுக்குக் கணக்கு வேறு. அங்கே பங்கு முறை தனி. உயிலிலும் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் எழுத வாரிசுகள் சம்மதம் வேண்டும். உங்கள் ஜமாத்தில் விவரம் தெரிந்தவரோடும் ஒரு வக்கீலோடும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பேங்க் விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் எழுதலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசையாகவும் எழுதலாம். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான். ஆத்தாவுக்கு 40, வீட்டுக்காரிக்கு 60 என்று அந்தப் பையன் எழுதி வைத்திருந்தால் டெபாசிட் பணத்தை வாங்கவாவது இரண்டு ஆட்டோ தேவைப்பட்டிருக்காது.

மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போனவர்களுக்குத் தனியாக ஒரு சேதி. அந்த அனுமதி வாங்கும்போது 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்று ஒரு பாலிசி கட்டாயம் போட்டிருப்பார்கள். பிரீமியம் சில நூறு ரூபாய்தான், விபத்தில் இறந்தாலோ ஊனமானாலோ 10 லட்சம். ஏஜெண்ட் கட்டியிருப்பார், பேப்பர் அவரிடமே இருக்கும். அது இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியுமா? இன்று ராத்திரி போனில் பேசும்போது கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் அந்த அனுமதி வேண்டிய நாடுகளின் பட்டியலில் இல்லை. அங்கே உடலுழைப்பு வேலை பார்ப்பவருக்கு வேலைக்காயக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை.

அடுத்தது ஆஸ்பத்திரி. நெஞ்சுவலி என்று அப்பாவை ராத்திரி புதுக்கோட்டைக்கோ மதுரைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ட்யூட்டி டாக்டர் கேட்கிறார், "சுகர் இருக்கா? எத்தனை வருஷமா?" கூடப் போன சித்தப்பா பதற்றத்தில் "அது இருக்குங்க பத்துப் பதினஞ்சு வருஷமா" என்கிறார். உண்மையில் ஐந்து வருஷம் இருக்கலாம். சித்தப்பா என்ன கணக்கா வைத்திருக்கிறார்? டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். அவர்மேல் குற்றமில்லை, கேட்டதை எழுதுவது அவர் வேலை. மூன்று மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வருகிறது: பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்துவிட்டீர்கள், கிளெய்ம் கிடையாது. ஒரு வரி, பல லட்சம். என் மைத்துனர் வீட்டில் நடந்தது இது.

அந்தக் கடிதத்தைப் பார்த்து அழுதுவிட்டு மடித்து வைப்பவர்கள்தான் அதிகம். மடிக்க வேண்டாம். ஆயுள் காப்பீட்டில் மூன்று வருஷம் முடிந்த பாலிசியை, மோசடி என்ற காரணத்தைக் காட்டியும்கூட, கேள்வி கேட்கக் கூடாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. நடுவில் லாப்ஸ் ஆகிப் புதுப்பித்திருந்தால் புதுப்பித்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மருத்துவக் காப்பீட்டில் இந்தக் கெடு முன்பு எட்டு வருஷம், 2024 முதல் ஐந்து. விடாமல் ஐந்து வருஷம் கட்டியிருந்தால், மோசடியை நிரூபித்தால் ஒழிய மறுக்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருக்கும் காலமும் அதிகபட்சம் நான்கிலிருந்து மூன்று வருஷமாகிவிட்டது. 65 வயதைத் தாண்டியவருக்குப் பாலிசியே இல்லை என்ற பழைய தடையையும் எடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

அதற்கு மேலும் மறுத்தால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 50 லட்சம் வரைக்கும் கேட்கலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்தில் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கு விதி இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே வாங்கி, சித்தப்பா சொன்ன அந்த வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. வெண்டிலேட்டரில் அப்பா. டாக்டர் வெளியே வந்து, "இனி உங்க முடிவுதான்" என்கிறார். அண்ணன் "எடுத்துடலாம்" என்கிறான், தம்பி தோகாவிலிருந்து "நான் வர்ற வரைக்கும் வைங்க" என்கிறான். மீட்டர் ஓடுகிறது. மீள முடியாத நிலைக்குப் போனால் இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்போது வைத்த நடைமுறை எந்தக் குடும்பத்துக்கும் ஏறாத மலை, மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. 2023 ஜனவரியில் எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது கெசட்டட் ஆபீசர் சான்று, தன் சார்பில் பேச வேண்டியவர் யார் என்ற பெயர். இவ்வளவு போதும். பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துத்தான் முடிவெடுக்கும், ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் சொல்ல முயல வேண்டும். இது டாக்டருக்கும் நல்லது. எழுத்து இல்லாத இடத்தில் எந்த டாக்டரும் துணிய மாட்டார், துணியவும் கூடாது. உயிலைப் பற்றிப் பேசினாலே ஆயுசு குறையும் என்று நினைக்கிற ஊரில் இதை எப்படிப் பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. நான் என் மகளிடம் சொன்னபோது இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாட்சிக்கு யார் என்று அவளே கேட்டாள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

திருமயம் குன்றில் நம் பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் அடுத்தடுத்து இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு கோயிலுக்கும் வருமானப் பங்கில் பல காலம் தகராறு. 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சளத் தளபதி அப்பண்ணா முன்னிலையில் பேசித் தீர்த்து, தீர்ப்பைப் பாறையிலேயே வெட்டி வைத்தார்கள். சாமிகளுக்கே பாகப்பிரிவினை எழுதிய ஊர் இது. ஆனால் பக்கத்தில் கடியாபட்டிக்கும் ராயவரத்துக்கும் ஒருநடை போய்ப் பாருங்கள். தெரு அகலத்துக்கு நிற்கும் செட்டிநாட்டு வீடுகளில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன? ஒரு வீட்டுக்குப் பல தலைமுறைப் பங்காளிகள், ஒருவர் பினாங்கு, ஒருவர் சென்னை, ஒருவர் அமெரிக்கா. எல்லாரும் ஒன்றாகக் கையெழுத்துப் போடாமல் ஓடு மாற்றக்கூட முடியாது. மழை மட்டும் யாரிடமும் கையெழுத்துக் கேட்காமல் உள்ளே இறங்குகிறது. கடைசியில் தேக்குத் தூண் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்விடுகிறது.

உங்கள் மூன்று சென்ட் வீட்டுக்கும் அந்தக் கதிதான், அளவு மட்டும் சின்னது.

லீவில் வருகிற அண்ணன் தம்பிகள் சொல்கிற ஒரு வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "தங்கச்சிக்கு அம்பது பவுன் போட்டாச்சு அண்ணே, அவளுக்கு இதுல ஒண்ணும் இல்ல." உண்மையைச் சொல்கிறேன், ஆரம்ப காலத்தில் நானும் தலையாட்டிவிட்டு இரண்டு பெயருக்கு மட்டும் பாகப்பிரிவினை எழுதியிருக்கிறேன். அது தப்பு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே சொல்லிவிட்டது. அன்று கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும் என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டை 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியச் சட்டம் அழித்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தால் பங்கு உண்டா என்று பதினைந்து வருஷம் வழக்காடிய பிறகு, மகளுக்கு உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டே இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாது. மற்றது பெரும்பாலும் திறந்த கதவுதான். தங்கச்சி மனதார விட்டுக்கொடுக்கிறாள் என்றால் விடுதலைப் பத்திரத்தில் தெரிந்து, படித்துக் கையெழுத்துப் போடட்டும். நகையும் சீரும் விடுதலைப் பத்திரம் ஆகாது.

தங்கச்சிகளே, உங்களுக்கும் ஒன்று. பிள்ளை இல்லாத இந்துப் பெண் கணவனுக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்தால், தானே சம்பாதித்து வாங்கிய வீடும் கணவனின் சொந்தங்களுக்குத்தான் முதலில் போகும். பெற்றவர்களுக்குப் போகாது. பெற்றோர் வழியில் வந்த சொத்து மட்டும் அப்பா வழி வாரிசுகளுக்குத் திரும்பும். பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், தள்ளிப்போடாமல் உயில் எழுதிவிடுங்கள் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது. நீதிபதிகள் தீர்ப்பு எழுதுவார்கள், வேண்டுகோள் வைப்பது அபூர்வம்.

அப்பா பெயரில் இருக்கும் வீட்டை உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்குத் தான செட்டில்மென்ட் எழுதுவது நம் பக்கத்தில் வழக்கம். காரணம் செலவு. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 40,000 ரூபாய்க்கு மேல் போகாது, பதிவுக் கட்டணம் 10,000-க்கு மேல் போகாது. 2023 ஜூலைக்கு முன்பு இந்த உச்சவரம்பு 25,000-மும் 4,000-மும்தான். மலிவுதான், ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டால் மனம் மாறினாலும் வீடு திரும்பாது. எழுதிக் கொடுத்த மறு வருஷமே திண்ணைக்கு வந்துவிட்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லையே என்று பிள்ளைகள் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜனவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. அதே வருஷம் மார்ச்சில் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் வழக்கில், அன்பால் எழுதிக் கொடுத்தேன் என்பதிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும், பத்திரம் எழுதியவனாகச் சொல்கிறேன்: ஆயுள் கால அனுபவ உரிமை அப்பாவுக்கும் ஆத்தாவுக்கும் உண்டு, பராமரிப்பு இன்னார் பொறுப்பு என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை.

வெளிநாட்டுக் காசில் ஊரில் தொழில் போட்டவர்களுக்குச் சுருக்கமாக. ஹாலோ பிளாக் போடுகிறீர்கள், ஜல்லி அடிக்கிறீர்கள், குட்டி யானை ஓட்டுகிறீர்கள். புது வண்டியைக் கோட்டை பைரவர் முன் நிறுத்தித் தேங்காய் உடைக்க மறப்பதில்லை, டிரைவர் லைசென்ஸை யாரும் பார்ப்பதில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு இலகுரக லைசென்ஸே போதும், தனி பேட்ஜ் இல்லை என்று காப்பீட்டுக் கம்பெனி தப்பிக்க முடியாது என 2024 நவம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அது உங்களுக்கு லாபம். பொறுப்பும் கூடியிருக்கிறது. வேலைக்கு வரும் வழியில் விபத்தில் இறந்த ஒரு வாட்ச்மேன் வழக்கில், வேலையோடு தொடர்பு இருந்தால் வருகிற போகிற வழியும் வேலையைச் சேர்ந்ததே என்று 2025 ஜூலை 29-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் இறந்தது 2003-இல். குடும்பம் 22 வருஷம் காத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. ஆளுக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும், குறித்த காலத்துக்கு வைத்த ஆளுக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. ஆள் எங்கள் ஊர்ப் பையன்தான் என்று வாய்வார்த்தையில் வைத்திருந்தால் கணக்குப் பிள்ளையை இந்த வாரமே கூப்பிடுங்கள். கடனில் தொழில் நடத்தும் ஆண்கள் இன்னொன்றும் செய்யலாம். 1874-ஆம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுத்தால் அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கே. கடன்காரர் கை அதில் நீளாது. பாலிசி எடுக்கும்போதே அந்தப் படிவத்தைப் போட வேண்டும், பிறகு போட முடியாது.

அடுத்த லீவில் வரும்போது கடைசி நாளுக்கு வைக்காமல் மூன்றாம் நாளே வாருங்கள். பதிவு ஆபீஸுக்கு முன்னால் உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் போதும். அப்பா, ஆத்தா, தங்கச்சி எல்லாரும் இருக்கட்டும், கூட்டத்தில் மச்சான் வேண்டாம். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பாலிசி, பாஸ்புக், அவரவர் ஆதார். உயில் என்றால் இரண்டு சாட்சி வேண்டும். பங்கு வாங்குபவர் சாட்சி போட வேண்டாம். முப்பது நாற்பது வயதுக்காரர்களாகப் பாருங்கள். அப்பாவின் சேக்காளிகளைக் கூட்டி வந்துவிடுவீர்கள், நாளைக்குக் கோர்ட்டில் உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது உயிரோடு இருக்க வேண்டும். அப்பாவின் மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எழுதியதை அவரே படித்துப் பார்க்கட்டும், நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
திருமயத்துப் பழைய பத்திர எழுத்தர்